கூப்பிட்டார்கள், நாம்தான் போகவில்லை

ஹெப்சிக்கு,

இரண்டு தெரு தள்ளி இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுகிற அப்பா இந்தத் தாம்பரம் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என்ன செய்வது? நேரில் வந்து சொன்னால் நீ அடுப்பில் ஒரு கண்ணும் போனில் ஒரு கண்ணுமாக நின்றுகொண்டு "சரிப்பா, சரிப்பா" என்பாய். அந்தச் சரிப்பாவுக்கு என்ன அர்த்தம் என்று உன்னை வளர்த்தவனுக்குத் தெரியாதா? போனில் சொல்லலாம் என்றால், பாதியில் இன்னொரு கால் வந்துவிடும். காகிதமாக இருந்தால் குறுக்கே பேச முடியாது. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, தணிந்த பிறகு மீதியைப் படிக்கலாம். கோபம் வரும். அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

நேற்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய தேர்தல் நோட்டீஸைப் படித்தேன். "பிரிண்டுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துடுங்கப்பா" என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். உன் போட்டோ நன்றாக இருக்கிறது, சேலையும் நல்ல தேர்வு. ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில் நீ செய்த வேலைகளைக் கொஞ்சம் குறைத்தே சொல்லியிருக்கிறாய், அதுவும் நல்லதுதான். எனக்கு முள்ளாகக் குத்தியது முதல் வரி. "நம்மைக் கேட்காமலேயே நம் ஊரைப் பறித்துக்கொண்டார்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். நம் ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்த பிறகு நடக்கிற முதல் வார்டு தேர்தல் இது. நீ சுயேச்சையாக நிற்கிறாய். அந்த வரியைப் படித்தால் ஜனங்களுக்கு ரத்தம் சூடாகும், ஓட்டு விழும், எல்லாம் சரி. ஆனால் அது உண்மை இல்லை, ஹெப்சி. நம்மைக் கேட்டார்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டார்கள். நாம் என்ன பதில் சொன்னோம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அரசாங்கம் செய்தது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பா கட்சி மாறிவிட்டார் என்று நினைத்துக்கொள்வாய். ஒரு ஊர் தனக்கென்று ஒரு தலைவரையும் ஒரு சபையையும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும்போது, எங்கேயோ உட்கார்ந்து ஒரு அரசாணையில் கையெழுத்துப் போட்டு அதை இல்லாமல் ஆக்குவது பெரிய அநியாயம். உன் பதவிக்காலம் முடிகிற சமயத்தில் அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும் என்று நீ காத்திருந்தாய். அரசாணைதான் வந்தது. அடுத்த வாரமே ஒரு தனி அலுவலர் வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தார். பாவம், நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு நம் தெருப் பெயர்கூடத் தெரியாது. பிள்ளைகள் விளையாட என்று கிராமசபையில் தீர்மானம் போட்டு நீ வேலி கட்டிய இடத்தில் இப்போது குப்பை லாரிகள் நிற்கின்றன. யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டால் ஒரு ஆப்பில் புகார் போடச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் தெருவிளக்கு எரியவில்லை என்றால் நீ காய்கறி வாங்கும்போது பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அது போய்விட்டது. எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது.

ஆனால் இதையெல்லாம் செய்யப்போகிறோம் என்று அவர்கள் ஒளித்து வைக்கவில்லையே. சட்டசபைத் தேர்தல் சமயத்தில் நம் நகர்ப் பூங்காவில் போட்ட கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? அந்த வேட்பாளர் மைக்கைப் பிடித்து முதலில் சொன்னதே அதுதான். "நாங்க வந்தா இந்தப் பகுதி முழுக்க மாநகராட்சி. இனிமே உங்களை யாரும் பஞ்சாயத்துக்காரங்கன்னு சொல்ல முடியாது" என்றார். என்ன கைதட்டல் அன்றைக்கு! பாஸ்கர் சார் எழுந்து நின்று, நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ப நம்ம மனைக்கெல்லாம் கிரவுண்டு ரேட்டு ஏறும் இல்லையா சார்?" அதற்கும் கைதட்டல். நீ பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாய். திரும்பி வரும்போது என்னிடம், "ஊராட்சி போயிடும்பா, கிராமசபை இருக்காது, எல்லாம் ஆபீசர் சொல்றதுதான்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "போனாப் போகட்டும், உனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். பிறகு வாக்குச்சாவடிக்குப் போய் அந்த வேட்பாளருக்கே ஓட்டுப் போட்டேன். அவர் ஆட்கள் ஆட்சிக்கு வந்தார்கள், சொன்னதைச் செய்தார்கள். தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றவில்லை என்று நாம் எத்தனை அரசாங்கத்தைத் திட்டியிருக்கிறோம்! இந்த ஒன்றை நிறைவேற்றினார்கள், அதற்கும் திட்டுகிறோம்.

நம் ஆட்களுக்குத் தேர்தல் என்றால் என்னவென்று தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. நம் சர்ச்சில் கமிட்டித் தேர்தல் வந்தால் எப்படி இருக்கும்? மூன்று மாதத்துக்கு முன்பே யார் யார் வீட்டில் டீ குடிக்கிறார்கள் என்று கணக்கெடுத்துவிடுவார்கள். ஞானராஜ் அங்கிள் இடுப்பு ஆபரேஷன் முடிந்து கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தபோது, வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, வரிசையில் நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய் ஓட்டுப் போட்டார். அதே அங்கிள், ஊராட்சித் தேர்தலில் நீ நின்றபோது, "வெயில் ஜாஸ்தியா இருக்கும்மா, உனக்காக ஜெபம் பண்றேன்" என்றார். நம் தெருவில் பாதி வீட்டில் "எங்க ஓட்டு நாசரேத்துல இருக்கு", "எங்க ஓட்டு நாகர்கோவில்ல இருக்கு" என்றார்கள். இங்கே தண்ணீர் குடிக்கிறார்கள், இங்கே குப்பை போடுகிறார்கள், இங்கேயே பேரப்பிள்ளையும் எடுத்துவிட்டார்கள், ஓட்டு மட்டும் ஊரில் இருக்கிறதாம். நீ ஜெயித்ததே ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய ஊர்க்காரர்கள் போட்ட ஓட்டில். வெளியூரிலிருந்து வந்து மனை வாங்கிக் குடியேறிய நம் நகர்க்காரர்கள் மாலை மட்டும் பெரியதாக வாங்கி வந்தார்கள்.

சரி, இரண்டாவது தடவை கேட்ட கதைக்கு வருகிறேன். இதை நீயும் நானும் இதுவரை முழுதாகப் பேசியதே இல்லை. மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், அது வேண்டாம் என்று தீர்மானம் போட நீ கிராமசபையைக் கூட்டினாய். கிராமசபை பெரும்பாலும் அரசு விடுமுறை நாளில்தான் கூடும், எல்லோரும் வரட்டும் என்பதற்காக. நம் நகர்க்காரர்கள் விடுமுறை என்றால் என்ன செய்வார்கள் என்று அந்தச் சட்டம் எழுதியவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கே நலச் சங்கத்தில் கோவளத்துக்கு வேன் பேசியாகிவிட்டது. பேசியது யார்? சங்கப் பொருளாளர், அதாவது நான். நீ முந்தின நாள் வீட்டுக்கு வந்து, "பதினோரு மணிக்குப்பா, நம்ம நகர்ல இருந்து எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுங்க, ஆள் குறைஞ்சா தீர்மானம் செல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் ஒரு திட்டம் போட்டேன். விடியற்காலையில் கிளம்பினால் கடலைப் பார்த்து, குளித்து, டிபனை முடித்து, பதினோரு மணிக்குள் நேராகப் பள்ளிக்கூட மைதானத்தில் வேனை நிறுத்திவிடலாம். மொத்த நகரும் ஒரே வேனில் வந்து இறங்கினால் உனக்கு எவ்வளவு பெருமை என்றுகூட நினைத்தேன். பிக்னிக்கும் போகலாம், ஜனநாயகத்தையும் காப்பாற்றலாம் என்று நினைக்கிற புத்தி நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வரும்.

அன்றைக்குப் படகுகள் தாமதமாகத்தான் கரைக்கு வந்தன. நம் வீட்டுப் பெண்கள், உன் அம்மாவும் சேர்த்து, கரையிலேயே மீன் வாங்காமல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டார்கள். தாம்பரம் மார்க்கெட்டில் ஐஸ் மீன், இங்கே துள்ளுகிற மீன் என்று பேச்சு. பாஸ்கர் சார் ஒரு வஞ்சிரத்தைத் தூக்குவார், செவுளைப் பிரித்துப் பார்ப்பார், கீழே வைப்பார், மறுபடி தூக்குவார். மீன்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா சார், காலைலேர்ந்து அந்த ஒரு மீனையே தூக்கி தூக்கி பாத்துகினு கீற? வாங்கறியா, இல்ல கூட நின்னு போட்டோ எடுத்துக்கறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உன் போன் வந்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"கோவளத்துலம்மா. இதோ கிளம்பிட்டோம்."

உனக்குப் பின்னால் மைக்கில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று சோதித்துக்கொண்டிருந்தது கேட்டது. "ஊர்க்காரங்க எல்லாம் வந்து உக்காந்துட்டாங்கப்பா. இன்னும் ஒரு வேன் ஆள் வந்தா போதும். நம்ம நகர் பக்கம் ஒரு நாற்காலிகூட நிறையல" என்றாய். நீ கத்தியிருந்தால் தேவலை. கணக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாய்.

அதற்குப் பிறகு எல்லோரையும் வேனில் ஏற்றுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் ரோட்டில் விடுமுறைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வண்டி அப்படியே நின்றுவிட்டது. டிரைவர் டில்லி பாபு, பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் இருக்கிற பையன், கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னா சார், போன் வந்ததுலேர்ந்து மூஞ்சி ஒரு மாரி கீது?" என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னேன்.

"கூட்டத்துக்கு உங்கள கூப்ட்டாங்களா?"

"கூப்ட்டாங்கப்பா."

"நாளு, டைமு எல்லாம் சொல்லி?"

"ஆமா."

"நல்லா கீது சார் உங்க கத," என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "எங்கள இங்க இட்டுகினு வந்தப்போ ஒரு வார்த்த கேக்கல. காலைல வூட்ட இடிச்சாங்கோ, சாயங்காலம் பெரும்பாக்கத்துல கொண்டாந்து வுட்டாங்கோ. எங்கம்மா அடுப்புல கீற சோத்த கூட எடுக்கல. உங்கள கூப்ட்டு கேக்கறாங்கோ, நீங்க வஞ்சிரம் வாங்கிகினு கீறீங்கோ."

எனக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "உன் ஓட்டு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன். "அது பழைய எடத்துலயே கீது சார். எலெக்சன் அன்னைக்கு அங்க போவேன், பிரெண்ட்ஸ்ங்க எல்லாம் வருவாங்கோ, ஜாலியா இருக்கும்" என்றான். பெரும்பாக்கத்துக்கு மாற்றவில்லையா என்றேன். "அத்தெல்லாம் பேஜாரு சார்" என்றான். சிரித்துக்கொண்டேன், ஆனால் அவனுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, ஹெப்சி. நம்மைக் கேட்காமலேயே பறித்துக்கொண்டார்கள் என்கிற உன் வரியை அவன் அம்மா சொல்லலாம். அவளுக்கு அது முழுக்க முழுக்கப் பொருந்தும். நாம் சொல்லும்போது எனக்குக் கூசுகிறது.

நாங்கள் வந்து சேர்ந்தபோது மைதானத்தில் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். போதுமான ஆள் இல்லாததால் கூட்டம் ஒத்திவைப்பு என்று ஊராட்சிச் செயலர் எழுதி முடித்திருந்தார். நீ பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்திருந்தாய். நான் மீன் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே உன்னிடம் நடந்து வந்தேன், அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. நீ நிமிர்ந்து பார்த்து, "மீன் நல்லா இருக்காப்பா?" என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். உன் அம்மா அன்றைக்கு அதைக் குழம்பு வைத்தாள். நாங்கள் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். மறு கூட்டத்துக்கு நீ அலைந்து தேதி வாங்குவதற்குள் அரசாணை வந்துவிட்டது. அது வந்த அன்றைக்குச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் பாஸ்கர் சார்தான் முதலில் எழுதினார், "இது ஜனநாயகப் படுகொலை" என்று. வேனில் வந்த எல்லோரும் அதற்குக் கட்டைவிரல் போட்டோம். நானும் போட்டேன்.

இப்போது நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "நீங்க எல்லாரும் வந்திருந்தாலும் அவங்க சேர்த்துத்தான் இருப்பாங்கப்பா. பக்கத்து ஊராட்சியில என்ன ஆச்சு?" என்பாய். உண்மைதான். அங்கே மைதானம் கொள்ளாத கூட்டம். கைக்குழந்தையோடு பெண்கள் வந்து நின்றார்கள், ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள், அதையும் மதிக்காமல் சேர்த்துவிட்டார்கள். அந்த ஊர்த் தலைவர் இன்றைக்கு வழக்குப் போட்டுக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார், கையில் அந்தத் தீர்மானம் இருக்கிறது. "எங்களைக் கேட்டீர்கள், நாங்கள் வேண்டாம் என்றோம், மீறிச் செய்தீர்கள்" என்று அவரால் எந்தப் படியேறியும் சொல்ல முடியும். நாம் வந்திருந்தாலும் தோற்றிருப்போம் என்பது வேறு, நாம் வரவே இல்லை என்பது வேறு. வந்து தோற்றிருந்தால் அந்தப் பாவம் முழுக்க அவர்கள் தலையில். வராததனால் ஒரு பங்கு நம் தலையில் இருக்கிறது. அவர்கள் பங்கைப் பற்றி நீ நோட்டீஸ் முழுக்க எழுதியிருக்கிறாய், ஒரு எழுத்தைக்கூட எடுக்க வேண்டாம். நம் பங்கைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுதான் என் குறை.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்பதும் எனக்குப் புரிகிறது. எங்களைக் காப்பாற்றுகிறாய். அன்றைக்குப் படியில் உட்கார்ந்து மீனைப் பற்றிக் கேட்டவள், அதற்குப் பிறகு ஒருநாளும் எங்கள் யாரையும் குத்திக்காட்டவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, கிராமசபை ஏன் கூடவில்லை என்று கேட்டபோது, "விடுமுறை நாள் என்பதால் மக்களால் வர இயலவில்லை" என்று சொன்னாய். வர இயலவில்லையாம்! நல்ல பிள்ளைதான் நீ. ஆனால் வயதான தகப்பனையும் தகப்பன் மாதிரி இருக்கிற நாலு பேரையும் மூடி மறைக்கிற வேலை வீட்டில் இருக்கட்டும். ஓட்டுக் கேட்கப் போகிற இடத்தில் அது வேண்டாம். நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்று ஒருவனிடம் சொன்னால் அவனுக்குக் கொஞ்ச நேரம் சுகமாக இருக்கும். ஆனால் அதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது, உன்னால் எதுவும் ஆகாது என்று. நீ செய்த வேலைதான் இது என்று சொன்னால் முகம் சுளிப்பான். ஆனால் தன் கையால் கெட்டது தன் கையால் சரியாகும் என்று வீட்டுக்குப் போய் யோசிப்பான். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது. இந்த ஜனங்களை நீ நினைப்பதைவிட நான் நல்லவர்களாக நினைக்கிறேன், நானும் அவர்களில் ஒருவன் என்பதால் மட்டும் இல்லை.

மாப்பிள்ளையிடம் இதைப் பற்றி லேசாகப் பேச்சுக் கொடுத்தேன். "ஜனங்களைத் திட்டி யாராவது எலெக்‌ஷன்ல ஜெயிச்சிருக்காங்களா மாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவருக்குச் சொன்ன பதிலையே உனக்கும் சொல்கிறேன். தலைவரான முதல் வருடம் மழைக்கு முன்னால், ஏரிக்குப் போகிற கால்வாயைத் தூர் வாரினாய். அதில் வந்ததெல்லாம் நம் நகர்க் குப்பை. நீ என்ன செய்தாய்? அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "இந்தக் கால்வாய்ல யாரோ குப்பை போடறாங்கன்னு எல்லாரும் எங்கிட்ட வந்து சொல்றீங்க. அந்த யாரோ எல்லாரும் இப்ப இங்கதான் உக்காந்திருக்கீங்க. எங்க அப்பா முதல் வரிசையில இருக்காரு" என்றாய். எனக்குக் காது சூடாகிவிட்டது. உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பாஸ்கர் சார் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அந்த மழைக்குக் கால்வாய் ஓடியது, தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, அதற்கடுத்த வருடம் பாஸ்கர் சாரே கால்வாய் ஓரம் நின்று மற்றவர்களை விரட்டினார். அந்த ஹெப்சி எங்கே போனாள்? மாநகராட்சி வார்டு என்றதும், பெரிய கட்சிக்காரர்கள் எதிரில் நிற்கிறார்கள் என்றதும், அவர்கள் பாஷையிலேயே பேச ஆரம்பித்துவிட்டாயே.

அவர்கள் எல்லோரும் வந்து ஜனங்கள் தெய்வம் என்பார்கள். நீங்கள் பாவம், நீங்கள் ஏமாந்தீர்கள், எங்களுக்குப் போடுங்கள் என்பார்கள். அந்தப் பாட்டை உன்னைவிட நன்றாகப் பாட ஆள் இருக்கிறார்கள், ஸ்பீக்கரும் அவர்களுடையது பெரியது. உனக்கு அதில் ஜெயிக்க வழியில்லை. உண்மையைச் சொல்கிற ஒருத்தி என்பதுதான் உன் கையில் இருக்கிற ஒரே பலம். அதனால் தோற்றுப் போனால் போகட்டும் என்று நான் சொல்லவில்லை, நீ ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். வார்டு கவுன்சிலர் என்றால் கிராமசபை மாதிரி அதிகாரம் கிடையாது, தெரியும். மேலே மேயர், கமிஷனர், அதற்கு மேலே கோட்டை. ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீ மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அப்படி மல்லுக்கட்டும்போது உன் பின்னால் நிற்க ஆட்கள் வேண்டுமே. இப்போதே கேட்டு வாங்கி வைத்தால்தான் வருவார்கள். கேட்காமல் விட்டால் அடுத்த விடுமுறைக்கு மறுபடி எங்காவது கிளம்பிவிடுவோம், எங்களை எனக்குத் தெரியும்.

எப்படி எழுதுவது என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: "அரசு நம் ஊராட்சியை எடுத்துக்கொண்டது. தடுக்க நமக்கு நாள் கொடுத்தார்கள். நாம் வரவில்லை. இந்தத் தடவை வாருங்கள்." இதைவிட நன்றாக நீ எழுதுவாய். ஆனால் "நாம் வரவில்லை" என்ற இடத்தை மட்டும் மழுப்பாதே. பழைய ஊர்ப் பக்கம் போகும்போது அதை "நகர்க்காரர்கள் வரவில்லை" என்று மாற்றிவிடவும் செய்யாதே. ஊர்க்காரர்கள் வந்தார்கள் என்பதை அங்கே சொல், நம் நகர்ப் பக்கம் வரும்போது நாங்கள் வரவில்லை என்பதைச் சொல். இரண்டையும் ஒரே குரலில் சொல்.

இதைப் படித்துப் பார்த்துவிட்டு உன் அம்மா, "பெத்த பொண்ணு எலெக்‌ஷன்ல நிக்கற நேரத்துல இப்படியா எழுதுவீங்க?" என்று கேட்டாள். வேறு எந்த நேரத்தில் எழுதுவது? நீ ஜெயித்த பிறகு எழுதினால் குறை சொல்கிறேன் என்பாய், தோற்ற பிறகு எழுதினால் குத்திக்காட்டுகிறேன் என்பாய். உன்னைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமையை நான் உன்னிடம் அதிகம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். இந்தப் பகுதியில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஹெப்சியோட அப்பா என்றால்தான் தெரியும். அப்படித் தெரிவதில் எனக்குச் சந்தோஷம்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. போன தடவை நீ ஓட்டுக் கேட்டு நம் தெருவில் எல்லா வீட்டுக்கும் போனாய், நம் வீட்டை மட்டும் தாண்டிப் போனாய். அப்பா ஓட்டு எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தாய். நானும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு, மகள் என்பதற்காகவே போட்டேன். அந்த ஓட்டு உனக்கு எதற்கும் உதவவில்லை. அதைப் போட்டவன்தான் அன்றைக்குக் கோவளத்தில் நின்றான். இந்தத் தடவை நம் வீட்டைத் தாண்டிப் போகாதே. கூட வருகிறவர்களையும் அழைத்துக்கொண்டு வா, பெல்லை அடி, நான் வெளியே வந்து நிற்கிறேன். "சார், அன்னைக்குக் கிராமசபைக்கு ஏன் வரல?" என்று எல்லோர் முன்னாலும் கேள். நான் பதில் சொல்கிறேன். அதற்குப் பிறகு என் ஓட்டைக் கேள். கேட்காமல் போனால் உனக்குப் போட மாட்டேன்.

அப்பா